தேங்காய்த்திட்டில் இரண்டாவது பேட்டரி

திருச்சியிலிருந்து புதுச்சேரிக்கு இருநூறு கிலோமீட்டர்தான். ஆனால் விழுப்புரத்தில் பஸ் மாறி, மடியில் கருவிப்பையை வைத்துக்கொண்டு மதியம் ஒன்றரைக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது, இரண்டு நாள் பயணம் செய்தவள்போல் இருந்தேன். முழங்கால்கள் மடங்க மறுத்தன. ஆட்டோக்காரர் பையைத் தூக்கி வைக்கும்போது கேட்டார்.

"என்னக்கா, உள்ள கல்லு வெச்சிருக்கீங்களா?"

"பேட்டரி வேல செய்யற சாமான்."

"நான் கல்யாணத்துக்கு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றார். நெல்லித்தோப்புக்கு நூற்றிருபது ரூபாய். பேரம் பேசத் தெம்பில்லை.

ரயில் பெட்டிகளின் விளக்குக்கும் விசிறிக்கும் பேட்டரி பார்க்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். படகில் வேலை செய்ததில்லை. ஆனால் கூப்பிட்டது தெரேஸ். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தவள். அவள் கணவர் அல்பேர் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஆறு பேர் உட்காரக்கூடிய பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் முகத்துவாரம் தாண்டிப் போய், நங்கூரம் போட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். போன மாதம் அப்படிப் போனபோது ஐஸ்பெட்டி, விசிறி, ரேடியோ எல்லாம் ஒரே பேட்டரியை உறிஞ்சிவிட, கிளம்பும் நேரத்தில் இன்ஜின் முனகக்கூட இல்லை. நங்கூரமும் பிடி விட்டது. அலை உடையும் இடத்தை நோக்கிப் படகு நழுவியதை தெரேஸ் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மீன்பிடிப் படகுக்காரர்கள் கயிறு வீசி இழுத்து வந்தார்கள்.

"இன்னொரு பேட்டரி வெச்சா சரியாப்பூடும்னு சொல்றாரு. நான் நம்பல," என்று போனில் சொன்னாள். "நீ வந்து வெச்சுக் குடு. நீ சரின்னா இருக்கட்டும். இல்லன்னா வித்துடச் சொல்லிட்டேன்."

அல்பேர் வாசலில் நின்றிருந்தார். மெலிந்திருந்தார். "வா வசந்தா. அவ உன் பேச்சத்தான் கேப்பா," என்றார் மெதுவாக. உள்ளே தெரேஸ் மீன்குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மாலை வரை தூங்கினேன்.

மறுநாள் காலை அல்பேரும் நானும் புதுச்சேரிக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போய்ப் புதிய பேட்டரி, கட்டைவிரல் தடிமனில் செம்புக் கேபிள், ஃபியூஸ், ஒரு திருகு சுவிட்ச் வாங்கினோம். படகு தேங்காய்த்திட்டில், ஆற்றோரத்தில் கட்டியிருந்தது. பின்பக்க இருக்கையைத் தூக்கினால் குனிந்து ஒரு ஆள் நுழையும் பள்ளம். அதற்குள் நாள் முழுவதும் கிடந்தேன். டீசல் நாற்றமும் சேற்று நாற்றமும் கலந்து வயிற்றைப் புரட்டின. பழைய பேட்டரி ஐஸ்பெட்டிக்கும் விசிறிக்கும். புதியது இன்ஜினைக் கிளப்ப மட்டும். உப்புக்காற்று பிடித்துப் பச்சை பூத்திருந்த முனைகளை எல்லாம் வெட்டி எறிந்தேன். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து வாரால் இறுக்கினேன். சுவிட்சில் 'ஒன்று', 'இரண்டு', 'இரண்டும் சேர்த்து' என்று மூன்று நிலை. சேர்த்து வைப்பது அவசரத்துக்கு மட்டும் என்று அல்பேரிடம் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார்.

சாயங்காலம் தெரேஸிடம் சரியாகிவிட்டது என்றேன்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள். "கடலுக்கு இல்ல. ஆத்துலயே நிறுத்துங்க. எல்லாத்தையும் போட்டு வெச்சு பேட்டரிய சாகடிங்க. அப்புறம் நானே சாவிய திருப்பறேன்."

ஒரு பேட்டரி சாவதற்காகக் காத்திருப்பதைப்போல அலுப்பான வேலை இல்லை. காலை எட்டு மணிக்கு ஆற்றின் நடுவில் நங்கூரம் போட்டோம். ஐஸ்பெட்டி, விசிறி, ரேடியோ, இரண்டு பெரிய தேடுவிளக்குகள், எல்லாம் ஓடின. பட்டப்பகலில் அந்த விளக்குகள் அலையாத்திச் செடிகளை முறைத்துக்கொண்டிருந்தன. சுற்றுலாப் படகுகளில் போனவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் மட்டும் திருப்பி அசைத்தேன். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏற ஏறத் தெரேஸின் ரவிக்கை முதுகோடு ஒட்டியது. பதினொன்றரை வாக்கில் விசிறி தளர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக் கண்ணை மூடினேன்.

விழித்தபோது மணி மூன்று. விசிறி இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இதற்குள் அது நின்றிருக்க வேண்டும். தெரேஸ் அப்போதுதான் எழுந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜினிலிருந்து ஒரே ஒரு 'டக்'. மறுபடியும் திருப்பினாள். அதுவும் இல்லை.

இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். சுவிட்ச் 'இரண்டும் சேர்த்து' என்ற இடத்தில் நின்றது. விசிறியும் விளக்கும் புதிய பேட்டரியையும் உறிஞ்சிவிட்டிருந்தன.

"யாரு திருப்பினது?"

அல்பேர் தண்ணீரைப் பார்த்தார். "விசிறி நின்னுபோச்சு. அவளுக்கு வேர்த்துக் கொட்டிச்சு. கொஞ்ச நேரத்துக்குத்தான்னு நெனச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

தெரேஸ் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாவியை விட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்குக் கடல்லயும் எனக்குத்தான் விசிறி ஓடிச்சு," என்றாள். "எனக்கு மயக்கமா இருக்குன்னு நான்தான் நிறுத்தாதீங்கன்னேன்." அந்த வழியாக வந்த ஒரு படகு எங்களைக் கரைக்கு இழுத்துப் போனது. கயிற்றை வாங்கி அல்பேர் கட்டினார்.

அன்று இரண்டு பேட்டரிகளையும் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். உடம்பு கிடந்ததே தவிர மனம் தூங்கவில்லை. இந்த மனிதரிடம் ஒரு சுவிட்சைக் கொடுத்துத் திருப்பாதே என்று சொல்வது நடக்காது. அவள் வேர்க்கும்போதெல்லாம் திருப்புவார். அப்படியென்றால் திருப்புவதற்கு அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

காலையில் தனியாகவே மறுபடி மேட்டுப்பாளையம் போனேன். வேன்களை ஆம்புலன்ஸாக மாற்றித் தரும் பட்டறை ஒன்றில் தானியங்கி ரிலே கிடைத்தது. இன்ஜின் ஓடிச் சார்ஜ் ஏறும்போது இரண்டு பேட்டரியையும் அது சேர்க்கும். இன்ஜின் நின்று மின்னழுத்தம் இறங்கியதும் தானே பிரித்துவிடும். யாரும் எதையும் தொட வேண்டாம். பட்டறைக்காரர், "எந்த வண்டிக்கு மேடம்?" என்றார். படகுக்கு என்றதும் ஈரம் புகாத மூடி ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். அவசரத்துக்கென்று கழற்றக்கூடிய சிவப்புச் சாவி வைத்த தனி சுவிட்ச் ஒன்றும் வாங்கினேன். சாவி இல்லாமல் அதைத் திருப்ப முடியாது.

மதியத்துக்குள் பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டையும் பொருத்திவிட்டேன். மறுபடி அதே ஆறு, அதே வெயில், அதே விளக்குகள். இந்த முறை நான் தூங்கவில்லை. நாலு மணி தாண்டி விசிறி நின்றது. ரேடியோ அடங்கியது. விளக்குகள் சிவந்து அணைந்தன. தெரேஸின் நெற்றியில் வேர்வை வழிந்தது. அல்பேர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

அவள் சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

யாரும் கைதட்டவில்லை. "மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார் அல்பேர், என்னிடமா இன்ஜினிடமா தெரியவில்லை. தெரேஸ் என் பக்கம் கை நீட்டினாள். "அந்தச் சேப்புச் சாவிய எங்கிட்ட குடு."

"கடல்ல அவசரம்னா நான் என்ன பண்றது?" என்றார் அவர்.

"நான் இல்லாம நீங்க எங்க போவப் போறீங்க?" என்று சொல்லி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் என்னையும் கடலுக்கு ஏறச் சொன்னார்கள். என் முழங்காலுக்கு இன்னொரு முறை அந்தப் படகில் ஏறி இறங்கும் சக்தி இல்லை. கரையிலேயே பையின்மேல் உட்கார்ந்திருந்தேன். படகு முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் நின்றது. இன்ஜின் சத்தம் அடங்கியது. எழுந்து நின்றுவிட்டேன். சிறிது நேரத்தில் மறுபடி கிளம்பியது. மறுபடி அடங்கியது, மறுபடி கிளம்பியது. தெரேஸ்தான் செய்கிறாள் என்று புரிந்ததும் உட்கார்ந்தேன். நான்காவது முறைக்குப் பிறகு படகு நிற்காமல் வெளியே போயிற்று.

பத்தரைக்கு விழுப்புரம் பஸ். உடம்பெல்லாம் வலித்தது, கையில் இன்னும் கிரீஸ் வாடை. ரயில்வேயில் நான் பேட்டரி மாற்றி அனுப்பிய பெட்டிகளுக்குக் கணக்கில்லை. பொருத்தி முடித்ததும் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவோம். அந்த விளக்கின் கீழ் யார் உட்கார்ந்தார்கள், அந்த விசிறி யாருக்கு வீசியது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இங்கே நான்கு நாள் அவர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அதுதான் இவ்வளவு களைப்பு போலிருக்கிறது. வில்லியனூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.