தீக்குச்சிப் படை

விபத்தில் ஒரு கால் போன பிறகு என் மகன் பேசுவதையே நிறுத்திவிட்டான். ஒரு நாள் மட்டும், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காக இரண்டு கொரியாக்களின் இன்றைய படைபலம் வேண்டும் என்று எழுதிக் காட்டினான்.

செகந்திராபாத் நூலகத்தில் அலமாரி அலமாரியாகத் தேடினேன். எல்லாப் புத்தகமும் பழைய கொரியப் போரோடு முடிந்தது. அங்கே நரைத்த மீசைக்காரர் ஒருவர், படித்துக்கொண்டே மேஜையில் தீக்குச்சிகளை அணிவகுக்க வைத்துக்கொண்டிருப்பார். வேறு வழியில்லாமல், மகன் ஆஸ்பத்திரியில் கிடப்பதைச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

“புஸ்தகம் நக்கோம்மா, வேணாம். எதிர்ல யாரு ஆடறாங்க?”

“யாருமில்லை.”

“எதிரி இல்லாம என்ன சண்டை?”

மறுநாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கட்டிலில் பலகை போட்டு, மகனின் வடகொரியச் சிப்பாய்களுக்கும் பொம்மை டாங்குகளுக்கும் எதிரே தீக்குச்சிகளைத் தென்கொரியாவாக நிறுத்தினார். விட்டுக்கொடுப்பார் என்று நினைத்தேன். ஆனால் மகனின் டாங்குகளை ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டார்.

“சீட்டிங் அங்கிள், சீட்டிங்! மறுபடி ஆடுங்க!” என்று வார்டே அதிரக் கத்தினான் மகன்.

வராந்தாவில் கண்ணைத் துடைத்தபடி, “நிஜமாவே ஏமாத்தினீங்களா?” என்று கேட்டேன்.

“உங்க பையன் அப்படித்தானே சொல்றான்?” என்றவர், தீப்பெட்டியைக் குலுக்கிக்கொண்டே உள்ளே போனார்.

இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அவர் பெயரும் தெரியாது.