வழி சொல்லாத ரயர்

செல்வரட்ணம் ஜீப் ரயரின் பல்லிடுக்கில் பெருவிரலை விட்டு நெருடுகிறான். நெருடிய விரலை மூக்கில் வைக்கிறான். பிறகு ரயரைப் புழுதியில் உருட்டிவிட்டு, குந்தியிருந்து தடத்தைப் பார்க்கிறான். தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைத் தூக்குகிறான். சுன்னாகத்தில் இராசநாயகத்தின் பழைய ரயர்க் கடையில் ஒரு காலைப்பொழுது இப்படியே போகும்.

"என்னடாப்பா, ரயர் வாங்கிறியோ, பொம்பிளை பாக்கிறியோ?" என்பார் கடைக்காரர்.

"எனக்கு வழி சொல்லாத ரயர் வேணும் அண்ணை."

"ரயர் எப்பவடா கதைச்சது?"

"உங்கடை தார் ரோட்டிலை கதைக்காது. எங்கடை தரவையிலை கதைக்கும்."

உலகச் சண்டை முடிந்து பட்டாளம் ஏலத்தில் தள்ளிய ஜீப் ஒன்று அவனிடம் இருக்கிறது. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் வண்டி. அம்பன் பக்கத்து மணலிலும், மழைக்குச் சேறாகிற உப்புத் தரவை வெளியிலும் மீன்கூடை, நெல்மூட்டை, நோயாளி எல்லாம் அதில்தான் போகும். மாட்டு வண்டி புதைகிற இடம். ரோட்டுப் போடுகிறோம் என்று மேடையேறிக் கைதட்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ரோட்டு வரவில்லை. செல்வரட்ணம்தான் வந்தான்.

ஆள் நெட்டை. பட்டாளத்துக் காக்கிக் களிசான், காதில் பாதிச் சுருட்டு. வாய் ஓயாது. தரவையில் இறங்கியதும் மட்டும் ஊமையாகிவிடுவான். ஜீப்பில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி இல்லை. அவனே கழற்றி எறிந்துவிட்டான். கேட்டால், "பின்னாலை வாறதைப் பாத்து என்ன செய்யப் போறன்?" என்பான்.

பின்னால் வருவதற்கு அவன் பெயர் சொல்லமாட்டான். "உது" என்பான். அவ்வளவுதான்.

சண்டைக் காலத்தில் பட்டாள லொறி ஓட்டியபோது, மழை விட்ட ஒரு மத்தியானம் தரவைக்குள்ளால் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால், லொறியின் இரண்டு தடத்துக்கும் நடுவில் ஒரு வெறுங்காலடி. தரவையிலிருந்து வேலிப் படலை வரை வந்த அடி. திரும்பிப் போன அடி இல்லை. அந்தக் கிழமையே அவனுடைய தலைப்பிள்ளை காய்ச்சலில் போனது. அந்த மாரியில் காய்ச்சல் புகாத வீடு அங்கே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வழியும் கிடையாது. அதைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலடியைப் பற்றித்தான் கதைத்தார்கள். செல்வரட்ணமும் காலடியைத்தான் நம்பினான்.

அன்றிலிருந்து முன்னும் பின்னும் ஒரே மாதிரிப் பல் வெட்டிய ரயர்தான் வாங்குவான். அது உருண்ட தடத்தை வைத்து, வண்டி வந்ததா போனதா என்று ஒருவரும் சொல்லமுடியாது.

போன மாரிக்குக் கடையில் அந்த ரயர் முடிந்துவிட்டது. "அம்புப் பல்லுத்தான் கிடக்கு. சேத்துக்கு இதை விட்டால் ரயர் இல்லை" என்றார் இராசநாயகம். உருளும் திசையைத் தடத்தில் அம்பு அம்பாகப் பதித்துப் போகிற ரயர். செல்வரட்ணம் வாங்கினான். வாங்கி, இடப்பக்கச் சில்லுகளை வலப்பக்கமும் வலப்பக்கச் சில்லுகளை இடப்பக்கமுமாக மாற்றிப் பூட்டினான். இப்போது வீட்டுக்கு வந்தால் தடம் தரவையைக் காட்டும்; பின்னால் வருவது அதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடும் என்பது அவன் கணக்கு.

"விசரா! மாறிப் பூட்டினால் பல்லு சேத்தைக் கக்காது. அடைச்சுக்கொண்டு புதைஞ்சு போவாய்."

"புதைஞ்சால் நான்தானே அண்ணை."

அவன் மட்டும் என்றால் சரிதான். மழை ஓய்ந்த ஒரு காலையில் அவன் மனைவி ஞானாம்பிகைக்குப் பிள்ளை நோக்காடு கண்டது. தலைப்பிள்ளைக்குப் பிறகு தங்கிய முதற்பிள்ளை. மருத்துவிச்சி நாகேஸ்வரி தரவைக்கு அந்தப் பக்கம். செல்வரட்ணம் ஜீப்பை எடுத்தான். தரவை விளிம்பிலேயே சில்லுகள் சேற்றை அப்பிக்கொண்டு சும்மா சுழன்றன. பின்வாங்கி முற்றத்துக்குக் கொண்டுவந்து, வண்டியைத் தூக்குகிற ஜக்குக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஞானாம்பிகை தூணைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். "இஞ்சாருங்கோ, சில்லைச் சரியாப் பூட்டுங்கோ."

"பூட்டினால் உது வழி பிடிச்சு வந்திடுமெடி."

"அது வாறது பிறகு. மருத்துவிச்சி வராட்டில் நானும் பிள்ளையும் இப்பவே போயிடுவம்."

சரியாகப் பூட்டினான். ஜீப் சேற்றைக் கக்கிக்கொண்டு பாய்ந்தது. உச்சிவெயிலில் தரவை ஈயத் தகடாகக் கிடந்தது. ஒரு கொக்குக்கூட இல்லை. திரும்பி வரும்போது நாகேஸ்வரி, "ஆரடா அது, பின்னாலை கைகாட்டிறது? ஏத்திக்கொண்டு போவம்" என்றாள். செல்வரட்ணம் திரும்பாமல் வேகப் பெடலை இன்னும் அமத்தினான்.

வீடு வந்து அவள் உள்ளே ஓடியதும் அவன் விளக்குமாற்றை எடுத்தான். அம்புகள் வரிசையாகப் படலையைக் காட்டிக் கிடந்தன. போன தடத்தை விட்டுவிட்டு, வந்த தடத்தைப் படலையிலிருந்து கூட்டிக்கொண்டே போனான். தரவை தொடங்கும் இடத்தில் பிள்ளையின் அழுகை காதில் விழுந்தது. நிமிர்ந்தான்.

அதற்கு அப்பால் கூட்ட ஒன்றும் இருக்கவில்லை. போன தடம் அப்படியே கிடந்தது. வந்த தடத்தைத் தரவை நெடுகிலும் ஏற்கனவே யாரோ சுத்தமாகக் கூட்டியிருந்தார்கள். கூட்டிய நிலம் அவனுடைய கால்விரல் வரை வந்து நின்றது.

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. செல்வரட்ணம் முகத்தைத் தரவைப் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னோக்கி அடி எடுத்து வைத்தான். அவனுடைய காலடியும் தரவையையே காட்டியது. அப்படியே படலையைத் தாண்டினான். அப்படியே முற்றத்தையும் தாண்டி, அறை வாசற்படியில் குதிக்கால் தட்ட நின்றான்.

"பொம்பிளைப் பிள்ளை. திரும்பிப் பாரன்ரா!" என்றாள் நாகேஸ்வரி உள்ளேயிருந்து.

அவன் படலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, பிள்ளையை வாங்க உள்ளங்கைகளை விரித்தான்.