ஸுவைனா வீட்டுப் புதுப் பாதை

ஸுவைனா வீட்டு முன்வாசலுக்குக் கல் பாவியதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றும் என் மேலேயே கோபம் வரும்.

ஓமான் நாட்டு இப்ராவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவள் தராசில் படுத்து அழுதவர்கள்தான். சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் குழந்தைகளுக்கு எடை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு, தினமும் காலை பத்து மணிக்கு நாங்கள் ஆறு பெண்கள் அவள் வீட்டில் கூடுவோம். பேரீச்சம்பழம், ஏலக்காய்க் காப்பி, ஊர் வம்பு. வீட்டின் பக்கவாட்டில் எலுமிச்சை மரத்தை ஒட்டி ஒரு சின்னக் கதவு உண்டு. வீட்டில் இருந்த உடையோடு தலையில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, நேரே அடுப்படி முற்றத்துக்குள் நுழைந்துவிடுவோம்.

அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆயிற்று. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ஸஹ்ரான், அம்மா தடுக்கி விழக் கூடாதே என்று, அவள் படுத்திருந்த நாட்களிலேயே ஆள் வைத்து முன்புறத்தை மாற்றினான். வெளிக்கதவிலிருந்து தலைவாசல் வரை மேடு பள்ளம் இல்லாமல் கல் பாவினார்கள். இரண்டு பக்கமும் காகிதப்பூச் செடி, செடிக்குச் செடி ஒரு விளக்கு. பக்கவாட்டுச் சின்னக் கதவை அடைத்துச் சுவர் எழுப்பி, அந்த இடத்தைக் கார் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். பெற்ற பிள்ளை பாசத்தோடு செய்தது. பார்க்கவும் லட்சணமாக இருந்தது.

ஆனால் அந்தப் பாதை ஆண்கள் உட்காரும் மஜ்லிஸின் ஜன்னலை ஒட்டிப் போகிறது. அவள் புருஷன் முஹன்னாவும் ஏழெட்டுப் பேரும் மதியத் தொழுகை வரை அங்கேதான் இருப்பார்கள். தாண்டிப் போனால் ஸலாம் சொல்வார்கள், சுகம் கேட்பார்கள், சேதி கேட்பார்கள். பதில் சொல்லாமல் போவது மரியாதையில்லை. ஒரு வாய் காப்பிக்காகத் தினமும் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி உடுத்திக்கொண்டு போய், எட்டு ஆண்களிடம் என் உடம்பு நிலவரத்தை ஒப்பிக்க என்னால் ஆகாது.

எங்கள் ஆறு பேரில் முதலில் ஸல்மாவுக்குத் தலைவலி. அடுத்து நஸ்ராவுக்கு விருந்தாளி. எனக்கு இடுப்புப் பிடிப்பு. எல்லாம் பச்சைப் பொய்.

"யாராவது அவகிட்ட சொல்லுங்களேன்டி," என்றேன்.

"நீ சொல்லேன் ரய்யா. உனக்குத்தான் வாய் நீளம்," என்றாள் ஸல்மா.

"நல்லாச் சொன்னே. போன வாரம் புது வாசலைப் பார்த்து மாஷா அல்லாஹ்னு வாயார வாழ்த்திட்டு வந்தேன். இப்பப் போய்க் குறை சொல்லவா?"

"அதுவும் மகன் செஞ்சு குடுத்தது. மனசு நொந்துடும்," என்றாள் நஸ்ரா. அதோடு விட்டுவிட்டோம்.

ஒன்றரை மாதம் யாரும் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் முஹன்னா ஆறு வீட்டுக்கும் ஹல்வாத் தட்டோடு வந்தார். "ஸுவைனா குடுக்கச் சொன்னா. அவ எதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கணுமாம்," என்றார். தட்டை வாங்கக் கை கூசியது. அப்போதும் நான் சொல்லவில்லை.

மறுநாள் அவளே கைத்தடியோடு வந்து நின்றாள். "வா ரய்யா, வீட்டுக்குப் போலாம். காப்பி போட்டு வெச்சிருக்கேன்."

அவள் வீட்டு வெளிக்கதவு வரை கூட நடந்தேன். ஜன்னலில் தலைகள் தெரிந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. தலைத்துணியை முகத்துக்கு இழுத்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கதவு இருந்த இடத்துச் சுவரைப் பார்த்தாள்.

"இதுவா?"

"ஆமா."

"இதுக்கா ஒன்றரை மாசம்?"

"புது வாசலைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு..."

"வாசலைக் குறை சொல்லக் கூடாதுன்னு என்னை விட்டுட்டீங்க," என்றாள். "யாரை என்ன சொன்னேன், யாரை என்ன சொன்னேன்னு பேசின பேச்சையெல்லாம் ஒண்ணொண்ணா நினைச்சுப் பார்த்தேன்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

அந்த வாரமே ஸஹ்ரான் வந்து சுவரை இடித்துக் கதவு வைத்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தை," என்று என்னிடம் வருத்தப்பட்டான். பழையபடி ஆறு பேரும் போகிறோம், வம்புக்கும் குறைவில்லை. ஆனால் ஒருத்தி ஒரு நாள் வராவிட்டால் போதும், ஸுவைனா போனை எடுத்துவிடுகிறாள். முன்பெல்லாம் கண்டபடி திட்டுவாள். இப்போது குரலை இறக்கி, "நான் எதாவது சொல்லிட்டேனா?" என்று கேட்கிறாள்.