பாலமுனைக்கு மூன்று நாள்

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கல்முனையில் பிறந்தவளுக்குக் கடல் ஒன்றும் அதிசயமில்லை. அப்படியிருந்தும், பாலமுனைக் கடற்கரையில் மூன்று நாள் இருந்துவிட்டு வருவோம் என்று வாப்பா சொன்னபோது, ஒரு கடலை விட்டு இன்னொரு கடலுக்கு ஏன் போக வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. பயணம் என்றதுமே என் புத்தி பஸ்ஸின் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த வருடம்தான் என் மூத்தவள், ராத்தாவுக்குக் கலியாணம் நடந்திருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து சேருவார். அப்படிச் சம்மாந்துறையிலிருந்து வந்து சேர்ந்தார் மச்சான். வீட்டிலிருந்த ஒரே அறை அவர்களுக்குப் போனது. வாப்பா, உம்மா, நான், தம்பி நால்வரும் வெளியே ஹோலில் பாய் விரித்துப் படுத்தோம். அறைக்குக் கதவு கிடையாது, தையல்காரரான வாப்பா தைத்துப் போட்ட திரைச்சேலை மட்டும்தான். அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் வாப்பா இருமுவார். வாப்பா இருமினால் அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிடும்.

எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான வேறு சொல்லைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அவித்த முட்டை அவருக்கு. கோழிக்கால் இரண்டும் அவருக்கு. பூப்போட்ட தலையணை உறை அவருக்கு. அதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். பிறந்த நாள் முதல் நான் ராத்தாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்கினேன். என் தலையை வாரி, பேன் பார்த்து, ஜின் கதை சொல்லித் தூங்கவைத்தவள் அவள்தான். இப்போது இஷாத் தொழுகை முடிந்தால் அவள் திரைச்சேலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். தம்பி தூக்கத்தில் உதைப்பது மட்டும் எனக்கு மிச்சம்.

கலியாணத்துக்கு முதல் நாள் நான் அழுத அழுகையில் அவளும் அழுதாள். அப்போது என் கன்னத்தைத் துடைத்தபடி சொன்னாள்: “அழாத தங்கச்சி. நீ எங்க போனாலும் நானும் ஒன்னோட வருவன். வல்லாஹி.”

அல்லாஹ்வின் பேரில் அவள் செய்த அந்த வல்லாஹியை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

கலியாணம் முடிந்து ஒன்றரை மாதத்தில் மச்சானுக்குச் சவூதி விசா வந்தது. அடுத்த கிழமை போனால் இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார். அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் வாப்பாவுக்குத் திடீரென்று பயண ஆசை பிறந்தது. பெருநாளுக்குக்கூட முழு நாள் கடையைப் பூட்டாத மனிதர் அவர். நுவரெலியாவுக்குப் போவோம் என்றான் தம்பி. அவன் பார்த்தது கலண்டரில் இருந்த நுவரெலியா. இங்கினியாகலைக் குளக்கட்டுக்குப் போகலாம் என்றேன் நான். கையிலிருந்ததெல்லாம் கலியாணத்தோடு கரைந்துபோயிருந்ததால், செலவில்லாத ஒரே ஊர் பாலமுனைதான் என்று முடிவானது. அங்கே வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, பாய் இழைத்துத் தனியாகச் சீவித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாரமாகக் கூடாதென்று அரிசி, தேங்காய், கருவாடு எல்லாம் வீட்டிலிருந்தே போகும். தம்பியை மடியில் வைத்துக்கொண்டால் அவனுக்கு டிக்கெட் இல்லை.

“ராத்தா வரல்லியா?” என்று கேட்டேன்.

“மாப்புள்ள வீட்டில இரிக்கக்குள்ள அவ எப்பிடி வாற?” என்றார் உம்மா.

மச்சானையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. புது மாப்பிள்ளை ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு முதன்முதலாகப் போவதென்றால் சும்மா போய் நிற்க ஏலாது. முறைப்படி அழைக்க வேண்டும், கோழி அறுத்து விருந்து வைக்க வேண்டும், சாரமும் சேட்டுமாகப் புது உடுப்புக் கொடுக்க வேண்டும். பாய் இழைக்கும் மாமி அதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவார்? ஆகவே நாங்கள் நால்வர் போக, அவர்கள் இருவரும் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

மூன்று நாள், முழு வீடும், ராத்தாவும் அந்த ஆளுக்கா? இரண்டு வருடம் போகப்போகிறவருக்கு இந்த மூன்று நாளையும் ஏன் கொடுக்க வேண்டும்? என் கணக்கு அப்படித்தான் ஓடியது.

புறப்படும் காலையில், மூட்டை முடிச்செல்லாம் வாசலுக்கு வந்த பிறகு, நான் ஹோலின் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

“ராத்தா என்னோட வரணும். அவ வல்லாஹி எண்டு செல்லிரிக்கா.”

உம்மா என் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். நான் விடவில்லை. முந்திய கிழமைதான் குர்ஆன் ஓதும் இடத்தில் லெப்பை இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“சத்தியத்த முறிச்சா பத்து ஏழ மிஸ்கீனுக்குச் சோறு குடுக்கணும். ஏலாட்டி மூணு நோன்பு புடிக்கணும்.”

வாப்பா, மிஞ்சிய துணியில் ஒரு விரலகலத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுகிற ஆள். அவருக்குச் சத்தியம் விளையாட்டில்லை. திரைச்சேலையைப் பார்த்துக் கேட்டார்: “மகள், நீ சென்னதா?”

“ஓம் வாப்பா,” என்று உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

“அப்ப பத்துப் பேருக்குச் சோறாக்கிக் குடுப்பம்,” என்றார் வாப்பா.

“எதில ஆக்குற? இரிந்த அரிசியெல்லாம் மூட்டையில,” என்றார் உம்மா. “மாப்புள்ள போற கிழமையில இவ நோன்பு புடிச்சிக் கெடக்கவா? இந்தச் சின்ன வாய்க்கு எவ்வளவு நீளம்!”

திரையை விலக்கிக்கொண்டு மச்சான் வெளியே வந்தார். சிரிக்க முயன்றார். “பரவாயில்ல மாமா. அவ போய்ட்டு வரட்டும். நான் உம்மாட வீட்டுக்குப் போறன்.” ராத்தாவின் பையை அவரே தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தார். பஸ் புறப்பட்டபோது நான் ஜன்னலால் அவருக்குக் கை காட்டினேன். வென்றவர்கள் அப்படித்தான் தாராளமாக இருப்பார்கள்.

முதல் நாள் சொர்க்கம். ராத்தா என் தலையை வாரினாள், சோறு ஊட்டினாள். ஜின் கதையில் மட்டும் இரண்டு இடத்தில் பிழை விட்டாள். நான் திருத்தினேன்.

இரண்டாம் நாள் பகல், சம்மாந்துறையிலிருந்து அவ்வளவு தூரமும் சைக்கிள் மிதித்து, வியர்த்து வடிய, மாமியின் வாசலில் வந்து நின்றார் மச்சான்.

“மாமாட அளவு நாடா வீட்டில கெடந்திச்சி. தேவப்படுமே எண்டு...”

ஓய்வெடுக்க வந்த தையல்காரருக்கு அளவு நாடா! வாப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, “நல்ல வேல செஞ்சீங்க மகன்,” என்று கழுத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மாமி பதறிப்போய், முட்டையிட்டுக்கொண்டிருந்த தன் ஒரே செங்கோழியை அறுக்கக் கொடுத்தார். கால் இரண்டும் யாருக்குப் போயின என்று சொல்லத் தேவையில்லை.

சாப்பாடு முடிந்ததும் உம்மா சொன்னார்: “மகள், மச்சானுக்குக் கடலக் காட்டிட்டு வா. சம்மாந்துறையில கடலில்லதானே.” ராத்தா எழுந்தாள். நானும் எழுந்தேன். உம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார், பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

மணலில் நான் நடுவில் நடந்தேன்.

“மச்சி, கடையில டொபி வாங்கித் தின்னுங்களன்,” என்று சில்லறை நீட்டினார் மச்சான்.

“எனக்குப் பல்லு வலி,” என்றேன். பல் ஒன்றும் வலிக்கவில்லை. என் வாழ்நாளில் டொபி வேண்டாமென்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சில்லறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: “அப்ப எனக்கு ஒரு மடி நெறையச் சிப்பி பொறுக்கித் தருவீங்களா? சவூதிக்குக் கொண்டு போக.”

கேட்டவர் போகிறவர்; இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் தந்திரம் புரிந்தது. போட்டிக்கு ஓடுகிறவளைப் போல ஓடினேன். உடைந்தது, ஓட்டையானது, நண்டின் ஓடு எல்லாவற்றையும் மடியில் அள்ளிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்து இருவருக்கும் நடுவில் கொட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ராத்தாவின் கண் சிவந்திருந்தது. “மண் விழுந்திட்டு,” என்றாள். மச்சான் அந்தக் குப்பையை ஒன்று விடாமல் கைலேஞ்சியில் முடிந்துகொண்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள் விடியற்காலை அவர் கொழும்புக்குப் புறப்பட்டார். அன்றிலிருந்து நான் மறுபடியும் ராத்தாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு படுத்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதை சொல்லச் சொன்னால், நாளைக்கு என்றாள். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை.

பத்து வருடம் கழித்து என் கலியாணம் நடந்தது. இரண்டாவது கிழமை, ராத்தா அரிசியை மூட்டை கட்டத் தொடங்கினாள். எல்லோரும் பாலமுனைக்கு மூன்று நாள் போகிறார்களாம்; வீட்டைப் பார்த்துக்கொள்ள நானும் என் மாப்பிள்ளையுமாம். அவளுடைய ஐந்து வயது மகள் என் காலைக் கட்டிக்கொண்டு, “சாச்சியும் வரணும்,” என்று வீடே அதிரக் கத்தினாள்.

ராத்தா பிள்ளையைப் பிரித்தெடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இவளுக்கிட்ட வல்லாஹி எண்டு ஏதும் செல்லி வெச்சிரிக்கியா?”

“இல்ல ராத்தா.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் மூட்டையோடு மச்சான் போனார். நான் வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிப்பியை இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பொறுக்கியிருக்கலாம்.