எந்தப் பக்கத்துப் பிள்ளை

என் சித்தி மகளை நாங்கள் சுருட்டை என்றுதான் கூப்பிடுவோம். சித்தப்பா வேறு நாட்டுக்காரர், கப்பல் மெக்கானிக். அடர்ந்த சுருள்முடியை மகளுக்கு அப்படியே கொடுத்துவிட்டார். நிறம் மட்டும் சித்திக்கும் அவருக்கும் நடுவில் எங்கோ நின்றுவிட்டது. எங்கள் வீட்டில், "அப்பாவ உரிச்சு வச்சிருக்கு" என்பார்கள். சித்தப்பா வீட்டிலோ, அம்மா ஜாடை என்பார்களாம். ஆக, ஆளாளுக்கு அவளை அடுத்த பக்கம் தள்ளிவிட்டுக் கை கழுவினார்கள். யாராவது ஒருவர், இது எங்கள் பிள்ளை என்று சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கியது எனக்குத் தெரியும்.

அவளுக்குப் பெரியம்மாவான என் அம்மாதான் இதில் முதல் ஆள். அந்த முடியைக் காய்ந்தபடியே சீவுவாள். சீப்பின் பல் உடைந்ததும், "இதெல்லாம் அவங்க வீட்டு முடி" என்று எழுந்து போய்விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுருட்டை தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். சுருள்முடியை ஈரத்தில், நுனியிலிருந்து சிக்கெடுக்க வேண்டும். வெட்டுவது காய்ந்த பிறகுதான். ஈரத்தில் வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். இன்று பஸ் நிலையத்துக்கு எதிரே சொந்தமாக சலூன் வைத்திருக்கிறாள். எப்பேர்ப்பட்ட முடியும் அவளிடம் வாலாட்டாது. நீங்க எந்த ஊரு என்று கேட்பவர்களிடம், "இந்தக் கடைதான்" என்று சிரிப்பாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

போன வருடம் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்தில் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. குணமாகி மறுபடி வளர்ந்தபோது, கோடு போட்டதுபோல் நேராக இருந்த முடி சுருள் சுருளாக வந்தது. சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். அம்மா வழக்கம்போல் காய்ந்த தலையில் சீப்பை விட்டாள். பாதியில் மாட்டிக்கொண்டது. சீப்பும் தலையுமாகத் துண்டைப் போட்டு மூடி, சுருட்டையின் கடைக்குக் கூட்டிப்போனேன்.

அவள் தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து மெல்லப் பிரித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உனக்கும் அப்ப இப்படித்தான வலிச்சிருக்கும்?"

"விடுங்க பெரியம்மா. தலைய ஆட்டாதீங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மாவும் பொண்ணுமா?"

மருந்துக் கதையை அம்மா விலாவாரியாகச் சொல்லப்போகிறாள் என்று பயந்தேன்.

"ஆமா," என்றாள் அம்மா. "பாத்தா தெரியலையா?"

சுருட்டையின் கை நின்றது.

"ஏன்டி நிறுத்திட்ட?" என்றாள் அம்மா. "பின்னாடி இன்னும் சிக்கு இருக்கு பாரு."