நாற்பது பேருக்கு மோர்

இன்று ஜீயபுரம் பஸ்ஸில் வாழைத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஏறினார்கள். உச்சிவெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று நாளை கலெக்டரிடம் மனு கொடுக்கிறார்களாம்.

அவர்கள் நடுவே கோப்போடு நின்ற மீசைக்காரரை, "தலைவரே!" என்று மூவுலகும் அதிர வணங்கினேன்.

"நான் ஃபைலு தூக்குற ஆளுங்க. தலைவி செல்வி அக்காதான்" என்றார்.

உடனே அக்காவுக்கு ஐம்பத்தாறு தேசங்களின் ஆதரவையும் அறிவித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "வெயில் வருஷா வருஷம் ஏறுது சார். போன வாரம் ஒருத்தி சுருண்டு விழுந்துட்டா. நாளைக்கு நாப்பது பேரு நிப்போம், மோர் கொண்டாருவீங்களா?"

"பாற்கடலையே கடைஞ்சு தரேன்!" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மனைவி காலமானதும் பெரிய பாத்திரங்களையெல்லாம் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஒரு சொம்பு.

இதைப் படிப்பவர்களில், ஸ்ரீரங்கத்தில் அண்டா உள்ளவர்கள் கை தூக்கவும். கடையும்போது கூட இருந்து வம்பளக்க வருபவருக்கு முதல் டம்ளர்.