நடுங்காமல் ஒரு சுரம்

சித்தூர் கரண்ட் ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரான ஜெபகுமாருக்கு ஊரில் எதிரி என்று யாரும் கிடையாது. வீட்டில்தான் ஒன்று இருந்தது. பீரோ மேல் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு படுத்திருந்த பழைய ஸ்டீல் கிட்டார்.

மடியில் படுக்கப்போட்டு, இடது கையில் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகள்மேல் இழுத்து இழுத்து வாசிக்கிற ஜாதி அது. கல்கத்தாவில் செய்தது. எந்த வருஷம் செய்தது என்று சொல்ல ஆளில்லை. ஜெபகுமார் கைக்கு வந்தபோதே அது கிழடுதான். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் சாந்திபுரம், அந்தப் பக்கம் வடமாலபேட்டை வரைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் பாட்டுக் கச்சேரி என்றாலும் ஜெபகுமார் கிட்டார், உதயா பாட்டு. கச்சேரிக் கூட்டாளிகளாக இருந்தவர்களைக் கடைசியில் பாதிரியார் ஒருவர் புருஷன் பெண்டாட்டி ஆக்கிவிட்டார். மேடைப் பழக்கம் என்பதால் உதயா அன்றும் இன்றும் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். சர்ச்சில் சிலருக்கு அது பிடிக்காது. அவர்களுக்கு எதுதான் பிடித்திருக்கிறது, விடுங்கள்.

கல்யாண நாளை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் சபைக்கு முன்னால் நின்று ஸ்பெஷல் பாட்டு ஒன்று பாடுவது அந்த சர்ச்சில் வழக்கம். கச்சேரியெல்லாம் ஓய்ந்துபோன பிறகு உதயா வருஷா வருஷம் செல்போனில் மியூசிக் ட்ராக் போட்டுக்கொண்டு பாடினாள். ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் நந்திதா அதற்கென்றே ஸ்பீக்கர்கூட வாங்கிக் கொடுத்திருந்தாள். ஜெபகுமார் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பார். வருகிற ஜனவரியில் கல்யாணமாகி முப்பது வருஷம் முடிகிறது. உதயா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவ செல்லு கில்லு எதுவும் கெடையாது. நீ வாசிக்கிற, நான் பாடுறேன். கிட்டார எறக்கு."

எதற்கு இவ்வளவு சுற்றி வளைப்பது, விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெபகுமாரின் இடது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஏதாவது எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஒன்றும் தெரியாது. கையைச் சும்மா வைத்திருந்தாலும், ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தினாலும் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்துவிடும். ஆபீஸ் சிநேகிதன் வீட்டு விசேஷம் என்று பொய் சொல்லிவிட்டு, வேலூருக்குத் தனியாக பஸ் ஏறிப் போய்க் காட்டிவிட்டு வந்தார். டாக்டர் பார்க்கின்சன் என்றார். மாத்திரை கொடுத்தார். இது நிற்கிற வியாதி இல்லை, மெதுவாக முற்றிக்கொண்டே போகிற வியாதி என்றும் சொன்னார்.

அந்தப் பேரை உதயாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் அம்மாவுக்கு வந்ததும் அதுதான். ஏழு வருஷம் தூக்கி உட்கார வைத்து, துடைத்துவிட்டு, ஒரு இட்லியை ஒரு மணி நேரம் ஊட்டி, கடைசியில் வாயும் மூடிப்போன மனுஷியோடு கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தவள் அவள். அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள்: "போதும்ப்பா. இன்னொருத்தர இப்டிப் பாக்க எனக்குத் தெம்பு கெடையாது." யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நின்றவர் ஜெபகுமார் ஒருவர்தான்.

எப்படிச் சொல்லுவார், நீங்களே சொல்லுங்கள். கையை பேண்ட் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டு நடந்தார். கிட்டாரை எடுத்தால் குட்டு உடைந்துவிடும் என்பதால் புதுசு புதுசாகக் காரணம் கண்டுபிடித்தார். பழைய சாமான், தொட்டால் மதிப்புப் போயிடும் என்றார். இந்தக் காலத்தில் ரிப்பேர் பண்ணத் தெரிந்தவன் யார் இருக்கிறான் என்றார். உதயா அதற்கும் ஒருத்தனைக் கண்டுபிடித்தாள். திருப்பதியில் அலிபிரி போகிற வழியில் லோகேஸ்வரன் என்று ஒருவன், வீணை, ஆர்மோனியம், கிட்டார் எல்லாம் பார்க்கிறான்.

அக்டோபரில் ஒரு நாள் கிட்டாரை பெட்ஷீட்டோடு கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். வழி நெடுக ஜெபகுமார், மரம் மக்கிப் போயிருக்கணும் கர்த்தாவே என்று வேண்டிக்கொண்டே போனார். பத்து வருஷம் மேடை ஏற்றிவிட்ட கிட்டாரைப் பற்றி இப்படி வேண்டுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வேண்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

லோகேஸ்வரன் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். உள்ளே ஒரு சின்ன விளக்கை விட்டுப் பார்த்தான். தெலுங்குக்காரன், தமிழும் நன்றாகப் பேசினான்.

"சார், மேல் பலகை வயிறு மாதிரி உப்பிக்கினு இருக்குது. கம்பி தாங்குற பிரிட்ஜ் பெயர்ந்து நிக்குது. வாசிக்கணும்னா பிரிச்சு, உள்ள தாங்குற கட்டை மாத்திப் பலகைய எறக்கணும். பழைய பாலிஷையும் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சா பளபளன்னு ஆயிடும். ஆனா நெஜத்த சொல்றேன், அப்பறம் இது பழைய கிட்டார் இல்ல. அந்தக் காலத்து சாமான் அப்படியே இருக்கணும்னா, கம்பியத் தளர்த்தி, தொடச்சு, கண்ணாடிப் பெட்டியில வெச்சிடுங்க. உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும். ஆனா வாசிக்கக் கூடாது."

"கண்ணாடிப் பெட்டிதான் சரி," என்றார் ஜெபகுமார். அவன் பேசி முடிப்பதற்குள் வந்த பதில். "பழசு பழசாவே இருக்கட்டும். எதையும் தொடாதீங்க."

"கண்ணாடிப் பெட்டியில பொணத்தத்தான் வெப்பாங்க," என்றாள் உதயா. "அதுக்கா இவ்ளோ தூரம் கட்டித் தூக்கிக்கினு வந்தேன்? இன்னா ஆச்சு உனக்கு? வாசின்னா ஓடுற, ஒளியுற. எங்கூட மேடையில நிக்க வெட்கமா?"

"அப்டியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பின்ன எப்டி?"

வாடிக்கைக்காரர்கள் சண்டை போடும்போது கடைக்காரன் எந்தப் பக்கம் பேசுவான். லோகேஸ்வரன் சமாதானமாக, முதலில் மரத்தில் உயிர் இருக்கிறதா பார்ப்போம், அப்புறம் முடிவு பண்ணலாம் என்றான். இரண்டே கம்பியை மட்டும் லேசாக முறுக்கினான். ஒரு ஸ்டூலைப் போட்டு ஜெபகுமாரை உட்காரவைத்து மடியில் கிட்டாரைப் படுக்க வைத்தான். இரும்புக் கட்டையையும் கையில் கொடுத்துவிட்டான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லை.

ஜெபகுமார் வாசித்தார். கட்டை ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. கை நகர்கிற வரைக்கும் பிசகில்லை. போய் நின்ற இடத்தில் சுரம் அலை அலையாக ஆடியது.

"பலே பாகுந்தி சார்," என்று தெலுங்கில் பாராட்டினான் லோகேஸ்வரன், நிஜமாகவே சந்தோஷப்பட்டு. "என்னா ஒரு அசைவு. சரி, இப்ப அசைக்காம ஒரே சுரத்த நேரா நிறுத்துங்க. பலகை எங்க அதிருதுன்னு நான் கேக்கணும்."

ஜெபகுமார் மறுபடி மீட்டினார். சுரம் ஆடியது.

"அசைக்காம, சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடியது. கட்டை கம்பியில் பட்டுப் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. உதயா பத்து வருஷம் அந்தக் கிட்டாரின் சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாடியவள். ஜெபகுமார் எந்தச் சுரத்தையும் முதலில் குச்சி மாதிரி நேராக நிறுத்திவிட்டுத்தான் அசைப்பார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கிட்டாரைப் பார்க்கவில்லை. அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். அம்மாவின் கையில் ஏழு வருஷம் பார்த்த அதே ஆட்டம்.

"போதும் தம்பி," என்றாள்.

அவள் குரலைக் கேட்டதும் லோகேஸ்வரன் டீ சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனான்.

"எப்பலேந்து?"

"ஈஸ்டருக்கு அப்பால."

"டாக்டரு?"

"வேலூர்ல காட்னேன். அதேதான்."

"தனியாவா போன?"

ஜெபகுமார் தலையாட்டினார். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. வந்தது என்றால் சாதாரணக் கோபம் இல்லை. "ஊர்ல யாருகிட்ட வேணா மறை. எங்கிட்டயா? அந்த நோவு எப்டி நடக்கும், எப்டி முழுங்கும், எந்த வேளைக்கு எந்த மாத்திர, எல்லாம் எனக்குத் தெரியுமே. எங்கிட்ட ஒளிச்சிட்டு யாருகிட்ட போயி நிப்ப நீ?"

"நீதான சொன்ன," என்றார் ஜெபகுமார். "இன்னொருத்தரப் பாக்கத் தெம்பு இல்லன்னு."

உதயா மறுக்கவில்லை. அப்படியெல்லாம் இல்லை, நான் இருக்கிறேன், தைரியமாக இரு என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நினைத்திருந்தால் உங்களுக்கு உதயாவைத் தெரியாது.

"சொன்னேன். இப்பவும் இல்லதான்," என்றாள். "ஆனா வேற யாரு பாப்பா?"

கிட்டார் இன்னும் ஜெபகுமார் மடியிலேயே இருந்தது. இத்தனை மாசமாக எதைக் கண்டு பயந்தாரோ அது நடந்து முடிந்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை, இப்போது இரண்டு பேருக்கும் பங்காகிவிட்டது, அவ்வளவுதான். ரோட்டில் கோவிந்தா கோவிந்தா என்று ஒரு கூட்டம் மலைப்பாதைக்கு நடந்து போனது. இரண்டு பேரும் அதைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

லோகேஸ்வரன் டீயோடு வந்தான். உதயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீன் மார்க்கெட்டில் பேசுகிற தோரணையில் ஆரம்பித்தாள்.

"தம்பி, வாசிக்கிற மாதிரி பண்ணிக் குடு. பாலிஷ்ல கை வெக்காத. கீறல், கறை எல்லாம் கெடக்கட்டும்."

"செய்யலாம்மா. ஆனா பசை நல்லா காயணும், பலகை அடங்கணும். சரியா பண்ணா ஏப்ரல் ஆயிடும்."

"ஏப்ரல்லாம் வேணாம். ஜனவரி மொத வாரத்துல வேணும்."

"அவசரமா பண்ணா ரொம்ப வருஷம் தாங்காதும்மா. அப்பறம் என்னத் திட்டுவீங்க."

"ரொம்ப வருஷம் தாங்க வேணாம்," என்றாள் உதயா. "இந்த ஜனவரிக்குத் தாங்கினா போதும்."

லோகேஸ்வரன் ஜெபகுமாரின் முகத்தைப் பார்த்தான். ஜெபகுமார் டீயைக் கீழே வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவன் எதிரில் இருக்கிறானே என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.